கெட்டித் தாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் என்னிடம் கேட்டது சுவருக்குள் பிணம் இருக்கும் கதை. கொல்லிமலை, 1938, அதிகாரியின் பங்களா, உள்சுவரில் ஒட்டிய பழைய காகிதத்தை உரிக்கிறார்கள், எலும்புக்கூடு. ஆரம்பித்தும்விட்டேன்:

சுரண்டி எதிலோ இடித்தது. சென்னம்மாளின் ரத்தம் உறைந்

(அடித்துவிட்டேன். அவள் ரத்தம் உறையவில்லை, கொதித்தது. பிணமும் இல்லை.)

2

மறுபடியும்.

புது அதிகாரி மறுநாள் வருகிறார். ஈரத்தில் பூத்துப்போன பச்சைக் காகிதத்தை எடுத்துவிட்டு, பூப்போட்ட காகிதம் ஒட்டவேண்டும். பேளுக்குறிச்சி மேஸ்திரி காளியண்ணன் பசை காய்ச்சினான். மலைமேலேயே குண்டனி நாடு என்ற ஊர்ப்பகுதியிலிருந்து கூலிக்கு வந்த சென்னம்மாள் வெந்நீர் தெளித்துச் சுரண்டினாள். பச்சை உரிந்தது. அடியில், சுவரோடு சுவராக, எழுத்துள்ள தாள்கள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. எழுத்துக்குக் கீழே இருந்தது தெரிந்தது: கட்டைவிரல் ரேகை, குறுக்கே அரிவாள் வெட்டின கோடு. தன் விரலை அதன்மேல் வைத்தாள். பொருந்தியது.

3

[விளக்கம். கதை வேகம் குறையும், குறையட்டும்.]

ஆறு வருஷத்துக்கு முன் அவளுடைய சாமைக் காட்டை சர்க்கார் காட்டோடு சேர்த்துக் கோடு போட்டார்கள். அவள் மலையிறங்கி, சந்தையில் இருப்பதிலேயே கெட்டியான தாள் வாங்கி மனு எழுதச் சொல்லி, ரேகை வைத்துக் கொடுத்தாள். மெல்லிய தாளை அதிகாரி மதிக்கமாட்டார் என்று ஓர் எண்ணம். மதித்துத்தான் இருக்கிறார். சுவர்க் காகிதத்துக்கு அடியில் ஒட்டக் கெட்டித் தாள்தானே தோது?

போன வாரம் அதிகாரியின் குமாஸ்தா அவளிடம் சொன்னாராம்: மனுவே வரவில்லை, வெள்ளிக்கிழமை எல்லைக்கல் நடுகிறோம்.

பிணம் கிடைத்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். மனு கிடைத்தால் யார் ஐயா வருவார்?

4

குமாஸ்தா வந்து பார்த்தார். (முகம் வெளிறியது என்று எழுத ஆசை. வெளிறவில்லை.) சாயங்காலத்துக்குள் ஒட்டி முடிக்கச் சொன்னார்.

"ஏனுங்க, இது நாங் குடுத்த மனு தானுங்களே? வரவே இல்லீன்னு சொன்னீங்க."

"செவுத்துல இருக்கறதெல்லாம் மனுவாயிருமா?"

"உங்க மேசைக்கு வராம செவுத்துக்கு எப்படிங்க வந்துச்சு?"

அவர் காளியண்ணனிடம் பசை ஆறுகிறது என்றார்.

5

முடிவு ஒன்று: தாளை உரித்துக்கொண்டு ஓடுகிறாள். முடியாது, சுரண்டினால் தூளாகும். சுவரில் இருக்கும்வரைதான் அது சாட்சி.

இரண்டு: இன்ஸ்பெக்டர் குதிரையில் பாய்ந்து (என் தொடர்கதைகளில் பாய்வார். இந்த மலைக்கு அவரை யார் அனுப்புவது?)

மூன்று: புது அதிகாரி நல்லவர். எத்தனை கதையில்தான் அவரை நல்லவராக்குவது!

நாலாவதை எழுதவிடாமல் அவள் நிற்கிறாள். விரல் ரேகைமேலேயே இருக்கிறது.

"கைய எடு அக்கா. பொழப்பு போயிரும்" என்கிறான் காளியண்ணன், பிரஷ்ஷைப் பிடித்தபடி.

"வாரவரு வந்து பாக்கட்டும் சாமி. அப்புறம் எடுக்கறேன்."

குமாஸ்தா இப்போது என்னைப் பார்க்கிறார். நான் ஒரு வரி எழுதினால் போதும், அவள் கை இறங்கிவிடும். எழுதமாட்டேன். உங்களுக்கு மனம் வந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதிவிட்டு உங்கள் ரேகையையும் வைத்துவிடுங்கள்.