ஏழு மணிக்கான பேட்டரி

மதியம் கரண்ட் போனதும் தட்சிணாமூர்த்தி எழுந்து செய்த முதல் வேலை, இன்வெர்ட்டரையும் அணைத்ததுதான்.

மாநில மின் தொகுப்புக் கட்டுப்பாட்டு அறையில் காலமெல்லாம் உட்கார்ந்து, எந்த அணையை எந்நேரம் திறப்பது, சாயங்கால மின்தேவை உச்சத்துக்கு எதை மிச்சம் பிடிப்பது என்று கணக்குப் போட்டவர். ஓய்வு பெற்றதும் மாநிலம் கைநழுவிப் போனது. கள்ளிக்குப்பத்து வீடு வசமாக மாட்டிக்கொண்டது. கிரைண்டர் காலையில், சலவை இயந்திரம் அது நின்ற பிறகு, மோட்டார் ஓடும்போது இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. அரியணை போன ராஜா மிக்சியை ஆள்வதைப் பார்த்துச் சிரிப்பதைக்கூட அவர் மனைவி ரேணுகா நிறுத்தி வெகுநாளாயிற்று.

உள்ளறையிலிருந்து மகள் எழிலரசி கத்தினாள். "அம்மா, நெட்டு போச்சு! பேசிகினே இருந்தாங்கம்மா!"

வேலைக்கான நேர்காணல். அலைந்து அலைந்து கிடைத்த ஒரே அழைப்பு.

"ஏங்க, இன்வெர்ட்டர போடுங்க. பொண்ணு இன்டர்வியூல கீறா."

"இப்பவே காலி பண்ணிட்டா ஏழு மணிக்கு இன்னா பண்ணுவே? பீக் அவர்ல போச்சுனா?"

"அப்ப பாத்துக்கலாம். ஒரு வைஃபை பொட்டி, அது எம்மாம் கரண்டு குடிக்கும்?"

"அப்டியே ஒண்ணொண்ணா ஏறுறதுதான் லோடு."

கல்யாணமான புதிதில் போயிருக்க வேண்டிய கொடைக்கானலையும் இப்படித்தான் ஒத்திவைத்தார். அவர் மிச்சம் பிடித்த எந்த நாளும் வந்ததாக ரேணுகாவுக்கு நினைவில்லை.

எழிலரசி மடிக்கணினியையும் போனையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். அங்கேதான் போனில் டவர் கிடைக்கும். சற்று நேரத்தில், வெயிலில் சுட்ட காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"கட் பண்ட்டாங்கம்மா. அடுத்த ஆள கூப்ட்டுகினாங்களாம்."

தட்சிணாமூர்த்தி செய்தித்தாளை மடித்தார். "வேற டைம் கேளு. எதையும் தள்ளி வெக்கலாம்."

ரேணுகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிந்திய குழம்பைத் துடைக்கும் துணிக்குக்கூட அவளிடம் அதைவிட நல்ல பார்வை உண்டு. போய் இன்வெர்ட்டரைப் போட்டாள். எல்லா அறைகளிலும் விசிறி, பட்டப்பகலில் குழல்விளக்குகள், ஆளில்லாத கூடத்தில் டிவி. பிறகு மிக்சியில் காலி ஜாரைப் பொருத்தி முழு வேகத்தில் திருகிவிட்டாள்.

"ஏய், இன்னா பண்றே? நிறுத்து!"

வெறும் ஜார் வீட்டையே கிழித்துக்கொண்டு ஊளையிட்டது. எழிலரசி படிக்கட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. சார்ஜ் இறங்க இறங்க இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு மஞ்சளாவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.