வண்டிக்கு அடியில் மாமனார்

1

இந்தக் கதையில் உண்மை என்று நான் சத்தியம் செய்யக்கூடியது ஒரு கட்டைவிரல் மட்டும்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் காத்திருந்தேன். தடுப்புக்குப் பின்னால், லென்ஸ் வெட்டும் ஆள் என்னுடைய லென்சின் ஓரத்தை இயந்திரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கட்டைவிரல் நகம் முழுக்கக் கறுத்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வண்டி வேலை," என்றான். லென்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு, நான் கேட்காமலே, "மாமனாரும் கூட இருந்தாரு," என்றான்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு. வீடு வந்து சேர்வதற்குள் அந்த 'மாமனாரும்' எனக்குள் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

2

தொடக்கங்கள்:

'அந்த ஞாயிற்றுக்கிழமை சூரியன் வழக்கம்போல' (சூரியனுக்கும் இந்தக் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.)

'ஹெட்டர் என்பது' (இப்படித் தொடங்கினால் இது விளக்கக் கையேடு ஆகிவிடும். ஆனால் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பாதிக் கதை புரியாது. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் ஓட்டைகளில் தொடங்கி, கீழே ஒரே வாயாகச் சேரும் குழாய்க்கொத்துதான் அது. வண்டியோடு வருவது வார்ப்பிரும்பில் குட்டையாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். தனியாக வாங்கி மாட்டுவது நீளமாக, பளபளவென்று, யானைகள் தும்பிக்கையைப் பின்னிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். மாட்டினால் இன்ஜின் தாராளமாக மூச்சுவிடும், சத்தம் கனக்கும். அந்தச் சத்தம் எதற்கு என்று ஆசைப்படுகிறவர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் வராது. கண்ணில் ஒரு கனிவு மட்டும் வரும்.)

'மனைவி போன பிறகும் அவன் வண்டிக்கு அடியில்தான் கிடந்தான்.'

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

3

மனைவி போன பிறகும் அவன் வண்டிக்கு அடியில்தான் கிடந்தான். வேறு வழியும் இல்லை. வார இறுதியில் ஹெட்டரை மாட்டி முடித்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் காரைத் தூக்கி ஸ்டாண்டில் ஏற்றினான். பழைய குழாயின் நட்டுகள் துருவோடு துருவாக ஒட்டிக் கிடந்தன. எண்ணெய் விட்டான், சூடுகாட்டினான், கெஞ்சினான். ஒவ்வொன்றாக அசைந்தன. கடைசியில் இருந்தது மட்டும் அசையவில்லை. ஸ்பேனரோடு இரும்புக்குழாயைச் சேர்த்துப் பிடித்து முழுபலத்தையும் கொடுத்தான். 'டக்' என்று ஒரு சத்தம். நட்டு கழன்றுவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டான். நட்டோடு, அது ஏறியிருந்த ஸ்டட் என்ற திருகுக்கம்பியும் பாதி வந்திருந்தது. மற்ற பாதி இன்ஜினுக்குள், பிடிக்க நுனிகூட இல்லாமல் முறிந்து நின்றது.

அதைத் துளைபோட்டு எடுப்பதற்குள் வாரம் போய்விட்டது. மனைவி பேருந்தில் வேலைக்குப் போனாள், பேருந்தில் வந்தாள். ஒருநாள் காலை பெட்டியோடு வந்து வண்டிக் கொட்டகை வாசலில் நின்று, "நான் அப்பா வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

"சரி, போறப்ப ஷட்டரை இறக்கிட்டுப் போ. பூனை ஆயில்ல கால வச்சிரும்," என்றான் அவன், அடியிலிருந்து.*

ஷட்டர் இறங்கியது. கொஞ்சம் வேகமாகவே.

* பூனை இந்தக் கதையில் மறுபடி வராது. தேட வேண்டாம்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வந்தார். வண்டி மகள் பெயரில் இருந்தது, இன்னொரு சாவியும் மகளிடம் இருந்தது. அந்தச் சாவியைக் கொடுத்து, வண்டியை எடுத்து வரச்சொல்லி அனுப்பியிருந்தாள்.

முதல் வரைவில் மாமனாரை மெக்கானிக்காக வைத்திருந்தேன். வேலை அரைமணி நேரத்தில் முடிந்து கதையும் முடிந்துவிட்டது. அடுத்து நீதிபதியாக்கினேன். அவர் வந்ததிலிருந்து வாயை மூடவேயில்லை. இப்போது அவர் பேக்கரி நடத்தி ஓய்ந்தவர். முன்கை இரண்டிலும் அடுப்புத்தட்டு இழுத்த கோடுகள். இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். இந்த ஆளோடு என்னால் ஒரு நாள் இருக்க முடியும்.

"என்ன மாப்பிள்ளை, முன்சக்கரத்தக் காணோம்?"

"கழட்டி வச்சிருக்கேன் மாமா."

"அவளுக்கு வண்டி வேணுமாம்."

"ஒரு மணி நேரம் குடுங்க. மாட்டிருவேன்."

"இதே ஒரு மணி நேரத்தத்தான் அவகிட்டயும் சொன்னீங்களாமே."

மாமனார் சட்டையைக் கழற்றி, தூசி படாத இடமாகத் தேடி, வண்டியின் பின்னிருக்கையில் மடித்து வைத்தார். பனியனோடு வந்து, ஹெட்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தார்.

"கழட்டினதுக்கு நேர்மாறா மாட்டவும்னு போட்டிருக்கு. வேற ஒண்ணும் போடல. நீங்க எப்படிக் கழட்டினீங்க?"

"கோவத்துல, மாமா."

"அப்ப இத நிதானமா மாட்டணும்," என்று காகிதத்தைப் பெட்டிக்குள்ளேயே போட்டார்.

5

ஹெட்டரை மேலிருந்து இறக்க முடியவில்லை. கீழிருந்து ஏற்றினால் ஸ்டியரிங் தண்டு தடுத்தது. திருப்பி ஏற்றினால் எண்ணெய் பார்க்கும் கம்பியின் குழல் தடுத்தது. குழலைக் கழற்றினார்கள். மறுபடி ஸ்டியரிங் தண்டு தடுத்தது. மாடிப்படியில் கட்டில் ஏற்றியவர்களுக்கு இது புரியும். ஆளுக்கு ஆள் 'உங்க பக்கம்', 'உங்க பக்கம்' என்று சொல்லிக்கொண்டே, யார் பக்கத்திலும் இல்லாத ஒரு கோணத்தில் அது சட்டென்று உள்ளே போய் நின்றது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், விட்டால் வெளியே வந்துவிடுமோ என்று.

நட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறுக்கினான். கைபோகிற இடத்தில் கண் போகவில்லை, கண் போகிற இடத்தில் ஸ்பேனர் போகவில்லை. கால் சுற்று திருகு, ஸ்பேனரை எடு, மறுபடி மாட்டு, கால் சுற்று திருகு. எல்லாம் முடிந்து இடுப்பை நிமிர்த்தியபோது மாமனார் வண்டிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இது எதுக்கு?"

கூரையின் மேல் கேஸ்கெட் இருந்தது. குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவில் முதலில் வைக்க வேண்டிய மெல்லிய தகடு. அழுக்காகக் கூடாது என்று அவன்தான் பத்திரமாக அங்கே வைத்திருந்தான்.

அடுத்து அவன் சொன்னதை (இந்த இடத்தில் இருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். மாமனார் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.)

"விடுங்க. நான் ஒரு தடவை ஈஸ்ட்டே போடாம ஒரு அடுப்பு ரொட்டி சுட்டேன்," என்றார் மாமனார்.

"என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது. மறுபடி பிசைஞ்சேன்."

6

இந்தமுறை மாமனாரே வண்டிக்கு அடியில் படுத்தார். கேஸ்கெட் நழுவாமல் குழாயை அடியிலிருந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அவன் மேலிருந்து நட்டு ஏற்றினான். இரண்டு நட்டு ஏறியிருக்கும்போது அவர் தலைமாட்டில் கிடந்த தொலைபேசி அடித்தது.

"எடுங்க மாப்பிள்ளை. எனக்குக் கை இல்ல."

அவன் குனிந்து, ஒற்றை விரலால் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவர் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு மறுபடி மேலே வந்தான்.

"அப்பா, கிளம்பிட்டீங்களா?"

"இல்லம்மா. வண்டிக்கு அடியில படுத்திருக்கேன்."

"நீங்களுமா?"

"ஒரு பக்கம் புடிச்சா போதும்னாரு. புடிச்சேன். இப்ப விட முடியல."

"அவரு பக்கத்துல இருக்காரா?"

மாமனார் மேலே பார்த்தார். குழாய்களின் இடுக்கில் மாப்பிள்ளையின் விரல்கள் ஒரு நட்டைப் பிடித்தபடி நின்றிருந்தன.

"கை மட்டும் தெரியுது," என்றார்.

"இருந்தா இருக்கட்டும். எப்படியும் காதுல விழப்போறதில்ல. ஒண்ணாந்தேதி நான் அந்தப் புது ஊருக்குப் போய்ச் சேரணும்ப்பா. வண்டி வந்தாத்தான் சாமானெல்லாம் ஏத்த முடியும்."

"புது வேலைய அவருகிட்ட சொன்னியாம்மா?"

"சொல்லாம இருப்பேனா? சாப்பிடும்போது சொன்னேன். அந்த ஊர்க் கிளைக்கு என்னைய மேனேஜரா போட்டிருக்காங்க, நீங்களும் வர்றீங்களான்னு கேட்டேன். கேட்டதுக்கு 'உள்ளயே முறிஞ்சிருச்சு'ன்னாரு."

"எது?"

"ஏதோ போல்ட்டுப்பா. எனக்கென்ன தெரியும்? நானும் அப்படியே தட்டை எடுத்துட்டுப் போயிட்டேன்."

குழாய் லேசாக ஆடியது. கீழே மாமனார் சிரித்தாரா, பிடியை மாற்றினாரா என்று மேலே இருந்தவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அவன் நினைவைக் கிளறினான். அந்தச் சாப்பாடு நன்றாகவே நினைவுக்கு வந்தது. முறிந்தது எந்த ஸ்டட், எத்தனை ஆழத்தில், எந்த அளவுத் துளைப்பான் வேண்டும் என்று அன்று யோசித்ததெல்லாம் வரிசையாக வந்தது. எதிரே அவள் உட்கார்ந்திருந்ததும் வந்தது. அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்பது மட்டும் வரவில்லை. அவள் கேட்ட கேள்வியை இப்போதுதான், அவளுடைய அப்பாவின் நெஞ்சிலிருந்து, முதல்முறையாகக் கேட்டான். கீழே இறங்கிப் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். கையை எடுத்தால் கேஸ்கெட் சரிந்துவிடும்.

(கையை எடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு வரைவில் எடுக்க வைத்தேன். குழாய் மாமனாரின் முகத்தில் விழுந்தது.)

தொலைபேசி அணைந்தது. மாமனார் உபதேசம் எதுவும் செய்யவில்லை.

"அடுத்த நட்ட ஏத்துங்க," என்றார். "தோள்பட்ட விட்டுப்போகுது."

7

கடைசி நட்டு கைநழுவி விழுந்தது. இன்ஜினுக்குள் எங்கெங்கோ பட்டு, கிணிங் கிணிங் என்று இறங்கி, தரையில் உருண்டது. குழாய் இப்போது தானாக நின்றதால் மாமனாரும் கையை விட்டு, புரண்டு, தேடத் தொடங்கினார்.

அவனுக்கு அது உடனே கண்ணில் பட்டுவிட்டது. ஜாக்கியின் பின்னால், சுவரோரம் கிடந்தது. மாற்று நட்டு கையில் இல்லை. ஞாயிறு, கடை கிடையாது. அது கிடைக்காவிட்டால் வண்டி இன்று போகாது. வண்டி போகாவிட்டால்...

ஒரு வரைவில் அவன் அதைக் காலால் மிதித்துக்கொண்டான். மாமனார் பேருந்தில் திரும்பிப்போனார். மறுநாள் மகளே நேரில் வந்து கத்தினாள், அழுதாள், இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. இன்னொன்றில், அவன் மிதித்ததை மாமனார் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டார். பேக்கரிக்காரரை ஞானியாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இரண்டையும் கிழித்தேன்.

நடந்தது இதுதான். அவனும் தேடுவதுபோலப் பாவனை செய்தான். இல்லாத இடமாகப் பார்த்துத் தேடினான். மாமனார் கன்னத்தைத் தரையில் வைத்து, சிந்திய மாவைக் கூட்டுவதுபோல உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே வண்டியின் மறுபக்கம்வரை போய்விட்டார். பனியன் முதுகு முழுக்க ஆயில். "எங்கயும் போயிருக்காது மாப்பிள்ளை, இங்கதான் இருக்கும்," என்று அவனுக்கே ஆறுதல் சொன்னார்.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"இந்தா இருக்கு மாமா," என்றான்.

எடுத்து மாட்டி, வேண்டியதைவிட அதிகமாகவே இறுக்கினான். ஸ்பேனர் வழுக்கி, கட்டைவிரல் நகம் இரும்பில் போய் நசுங்கியது.

8

சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கினார்கள். மாமனார் சட்டையைப் போடாமல் பக்கத்து இருக்கைக்கு மாற்றி வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

முதலில் புகை வந்தது. குழாய்மேல் பட்டிருந்த கைரேகையும் எண்ணெயும் எரிகிற புகை. பிறகு சத்தம். அடிவயிற்றிலிருந்து கிளம்பும், தடித்த, சீரான சத்தம். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவன் சந்தோஷப்பட்டான். அதை உங்களிடமிருந்து மறைக்க மாட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று அவன் மனதில் கேட்டபடியே வெளியிலும் கேட்டது.

மாமனார் அவனைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது.

பழக்கத்தில் தலையை ஆட்டப்போனான். ஆட்டவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, இத்தனை நாள் பாடுபட்டு உறுமவைத்ததை, சாவியைத் திருப்பி நிறுத்தினான்.

"என்ன மாமா கேட்டீங்க?"

"நீங்களும் வர்றீங்களான்னு கேட்டேன்."

(கண்ணாடிக் கடையில்தான் அவனைப் பார்த்தேனே, அப்படியென்றால் போகவில்லைதானே என்று சிலர் மடக்குவீர்கள். நகம் அப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது. ஒண்ணாந்தேதி இன்னும் வரவில்லை. இதைவைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது.)

போகிறவன் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்திருப்பான். போகாதவன் இன்ஜினை நிறுத்தியிருக்க மாட்டான். என்னால் இதற்குமேல் அவனை நகர்த்த முடியவில்லை. அங்கே போனால் லென்ஸ் வெட்டும் வேலை கிடைக்குமா, 'வர்றீங்களா' என்று அவள் இன்னமும் கேட்பாளா, எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். பதில் அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவன் இரண்டு கையும் முழங்கைவரை கறுப்பு. கதவைத் தொட்டால் அழுக்காகும் என்று தொடாமல் நிற்கிறான். மாமனார் பக்கத்து இருக்கையிலிருந்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவன் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதைச் சொல்ல வையுங்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து தரையில் படுத்தவர், மாமனாருக்கு இடுப்பு வலிக்கிறது.