கிராணி வீட்டு வளைவு

"எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்ட படிவத்தில் உடல்நலம், இயற்கை, நண்பர்கள், சாதனை என்று நான்கு கட்டங்கள் இருந்தன. நைஜல் இயற்கையில் கோடு போட்டான். வெறுப்புக்குக் கட்டம் இல்லை.

மலேசியாவின் கோலா சாவா செம்பனைத் தோட்டத்தைச் சுற்றி நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் பயணம். சிங்கப்பூரிலிருந்தெல்லாம் முந்நூறு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அது செம்மண்ணும் பச்சையும். நைஜலுக்கு அது தோட்டத்துக் கூலிக்கணக்கு எழுதிய பழைய கிராணியின் வீட்டு வளைவு மட்டும்தான். தோட்டம் ரப்பராக இருந்தபோது அவன் அப்பா ராயப்பன் பால்மரம் வெட்டிய காலம் முழுக்க அந்த வளைவில் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்து, கிராணி வீட்டைத் தாண்டிய பிறகே ஏறியவர். அதே வளைவை மிதித்தபடியே கடக்க வேண்டும். அதை அப்பா பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வர மாட்டேன் என்றவரை அதட்டி, அம்பாங்கானிலிருந்து காரில் ஏற்றிவந்து, அந்தக் கிராணி வீட்டுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தான்.

வளைவில் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மழையில் பாதையோரம் சரிந்திருந்ததாம். சிவப்புக் கொடியோடு நின்றவன் கிராணியின் மகன் சுகுமாறன். ஏற்பாட்டுக் குழுவில் அவனும் ஒருவன்.

"எறங்கு நைஜல். இங்க யாரும் ஓட்டக் கூடாது."

"ஒங்கப்பனும் இதத்தான் சொன்னான்."

"நாலு பேரு விழுந்துட்டாங்க லா. பழைய கதயெல்லாம் எனக்கெதுக்கு? எறங்கலன்னா நம்பர புடுங்கிருவேன்."

"புடுங்கிக்க."

நைஜல் மிதித்தான். கொடிக்கம்பு தோளில் இடித்தது. சக்கரம் சரளையில் வழுக்கியது; விழவில்லை. தாண்டியதும் நெஞ்சு நிமிர எதிர்ப்பக்கம் பார்த்தான்.

அப்பா நாற்காலியில் இல்லை. எழுந்து நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருந்தார். அவர் பார்வை மகன் மேல் இல்லை. சுகுமாறன் மேல் இருந்தது.

"மன்னிச்சிருங்கய்யா. சின்னப் பய, தெரியாம பேசிட்டான்."

நாற்பது வயது நைஜல் பிரேக்கை அழுத்தினான். சைக்கிளைச் சரளையில் அப்படியே போட்டுவிட்டு நடந்து வந்து, அப்பாவின் இரு தோள்களையும் பிடித்துக் கீழே அழுத்தினான்.

"உக்காருங்க."

"அவரு நிக்கிறாருப்பா."

"உக்காருங்கன்றேன்."

அவன் அழுத்த அழுத்த அந்த முழங்கால்கள் மடங்கவே இல்லை. பின்னால் வந்தவர்கள் சைக்கிளைத் தள்ளியபடி இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.