பட்டியலில் விடுபட்ட 'மற்றவை'

பிப்ரவரி 4, செவ்வாய். என் தவறு: பழைய படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அங்கே ஒரே ஒரு வரி இருந்தது. அது புதிய பட்டியலில் சேராமல் போய்விட்டது. அந்த வரி: 'மற்றவை'.

கொரின் வாவ்ரா இதைச் சிவப்பு மையில் எழுதினாள். அவள் மாலை நேரத்தில் படித்துவந்த ஆவணப் பராமரிப்பு வகுப்பில், அன்றைய வேலை, அன்றைய பிழை, மறுநாள் செய்யவேண்டியது மூன்றையும் தினமும் நோட்டில் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் பிழைக்கான இடத்தை வெறுமையாக விட்டார்கள். கொரினுக்கு அந்த இடம் போதவில்லை.

பகலில் அவளுக்கு மாநிலத் தலைநகரில், தேர்தல் நன்கொடையையும் லாபி வேலையையும் பதிவுசெய்யும் அலுவலகத்தில் உத்தியோகம். தகுதிகாண் காலம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வேலை நிரந்தரமாகுமா, மாமாவின் விதைக் கடைக்கே திரும்பி மூட்டை எடைபோட வேண்டுமா என்பது மேலதிகாரி லோர்னா டீட்ஸின் கையெழுத்தில் இருந்தது.

நாற்பது வருடங்களாக எல்லாம் காகிதம். சட்டமன்ற உறுப்பினர்களைப் பிடித்து ஆகவேண்டியதைச் சொல்வதே தொழிலான லாபிக்காரர்கள், என்ன விஷயமாகப் பேசினோம் என்று மாதாமாதம் ஒரு படிவம் தருவார்கள். அது கீழ்த்தளத்து அலமாரிக்குப் போகும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வந்தவர் தன் பெயரையும் முகவரியையும் ஒரு சீட்டில் எழுதித் தரவேண்டும். மரியாதைக்காக அந்தச் சீட்டின் நகலை லாபிக்காரருக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி எல்லாம் இணையத்துக்கு மாறியது. இப்போது இருநூற்றுப் பதினான்கு விஷயங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. பட்டியலைத் தயாரித்தவள் கொரின்.

மறுநாள் மதியம் வெண்டல் ஷ்ராம் நேரிலேயே வந்தார். பன்றிப் பண்ணைக்காரர்களுக்கும் பல் வைத்தியர்களுக்கும் பட்டாசுக் கடைக்காரர்களுக்குமாக முப்பத்தொரு வருடம் லாபி செய்தவர். ஒரு கையில் தொப்பி, மறு கையில் சட்டமன்றக் கேன்டீனில் சில்லி என்ற இறைச்சிக் குழம்போடு தரும் லவங்கப்பட்டை ரோல்.

"ஏம்மா, உங்க கம்ப்யூட்டர் என்னை விடவே மாட்டேங்குது. நான் வழக்கமாப் போடுறது அதுல இல்ல."

"வழக்கமா என்ன சார் போடுவீங்க?"

"மற்றவை."

அப்போதுதான் அவள் பழைய படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். காது சூடாகிவிட்டது. சரிபார்த்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டு, போன வருடப் படிவங்களைப் புரட்டினாள். பத்தில் ஒன்பது 'மற்றவை'. சட்டமன்றத்தில் முழுநேரமும் 'மற்றவை'தான் நடந்திருக்கிறது.

பதிவுக்கு ஒவ்வொரு லாபிக்காரருக்கும் ஒரு தேதி; வெண்டலுக்கு அன்று மாலைதான் கடைசி நேரம். தாமதித்தால் அபராதம். வெண்டல் வேறு வழியில்லாமல், உள்ளதில் நெருங்கியதைத் தேர்ந்தெடுத்தார்: 'பன்றிக் கழிவுக் குளங்கள்'.

தலைநகரில் மிஞ்சியிருந்த ஒரே நிருபர் இதைத் தன் வீட்டுச் சமையலறையிலிருந்தே பார்த்துவிட்டார். வெண்டல் முந்தின மாதம் முழுக்க ஆதரித்தது சாலையோரக் காட்டுப்பூக்களைப் பாதுகாக்கும் மசோதா. அதன் ஒன்பதாம் பிரிவை யாரும் படித்திருக்கவில்லை. கழிவுக் குளத்துக்கும் வீடுகளுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்தை அது பாதியாகக் குறைத்தது. மறுநாள் காலை ஊரே அதைப் படித்தது.

கொரின் நோட்டை எடுத்துக்கொண்டு லோர்னாவிடம் போனபோது, ஆளுநர் அலுவலகத்திலிருந்து வந்த பாராட்டு அழைப்பை லோர்னா அப்போதுதான் முடித்திருந்தார். நடந்ததைக் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"தப்புன்னு வெளியில சொல்லிடாத. நல்லா யோசிச்சு, வேணும்னேதான் எடுத்தோம்னு நான் சொல்லிட்டேன்."

அடுத்த மூன்று வாரங்களில் மேலும் முப்பத்தெட்டுப் பேர் வேறு வழியின்றி உண்மையைச் சொன்னார்கள். பல் வைத்தியர்கள் பற்களைப் பற்றிப் பேசவே இல்லை என்று தெரியவந்தது. கொரினுக்கு ஒவ்வொரு பாராட்டும் திருட்டுப் பொருளைப் போலக் கனத்தது. அதே சமயம், தினமும் காலையில் முதல் வேலையாகப் புதிய பதிவுகளைத் திறந்து படித்தாள். அந்த ஆவலையும் பிழைப் பகுதியில்தான் குறித்தாள்.

பிறகு சட்டமன்றக் குழு ஒன்று அவர்களுடைய அலுவலகத்தை விசாரணைக்கு அழைத்தது. அலுவலகத்தின் அடுத்த வருட ஒதுக்கீடு அந்தக் குழுவின் கையில். விசாரணைக்கு முந்தின நாள் லோர்னா மறுபடியும் கதவைச் சாத்தினார்.

"தப்புன்னு சொல்லிடு. உன் தப்புன்னு சொல்லு."

"அன்னைக்கே அதைத்தானே சொல்ல வந்தேன்."

"அன்னைக்கு வேற. உன் ஃபைல் என் மேசைமேலதான் இருக்கு கொரின்."

மூன்று வாரம் முன்பு சொல்லக்கூடாததாக இருந்த அதே உண்மை, இப்போது சொல்லியே ஆகவேண்டியதாகிவிட்டது. உண்மை மாறவில்லை. அவள்தான் மாறியிருந்தாள். வேண்டுமென்றே எடுத்திருக்கக் கூடாதா என்று ராத்திரி முழுக்க நினைத்தாள்.

பிப்ரவரி 27, வியாழன். விசாரணை அறையில் இடமில்லை. லாபிக்காரர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அந்த வரி விடுபட்டது தவறா என்று குழுத் தலைவர் கேட்டார்.

"ஆமா சார். பின்பக்கத்தைத் திருப்பிப் பாக்கல. என் தப்புதான்."

அறை முழுக்க மூச்சு விட்டது. லோர்னா தலையசைத்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா, இப்ப திருப்பிப் பாத்தா தெரிஞ்சே விட்டுடுவேன்."

யாரோ இருமினார்கள். லோர்னா கையிலிருந்த தாளைக் குறுக்கே மடித்தார். குழு ஐந்து நிமிடத்தில் 'மற்றவை'யை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. உடனே வெண்டல் எழுந்து, ஏற்கெனவே பதிந்த முப்பத்தொன்பதையும் மாற்றித் தரவேண்டும் என்றார். பண்ணைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். தலைவர் அதற்கும் சம்மதித்தார்.

திருத்தலாம், ஆனால் எதையும் அழிக்க முடியாது என்று கொரின் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பழைய பதிவின்மேல் கோடு விழும். பக்கத்தில் புதியது வரும். மாற்றச் சொன்னவர் பெயரும் தேதியும் கீழே நிற்கும். போன வருடம், எதிர்க்கட்சி தன் நன்கொடைப் பட்டியலைச் சத்தமில்லாமல் மாற்றிவிடக் கூடாதென்று இதே குழு ஏகமனதாக நிறைவேற்றிய விதி அது.

தலைவர் விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்தையும் பார்த்தார்.

வாசலில் வெண்டல் அவளை நிறுத்தினார். "போட்டதைப் போட்டபடி விட்டிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பாங்க, இல்லம்மா?"

"மனுவை வாபஸ் வாங்கிக்கலாம் சார்."

"வாபஸ் வாங்கினா அதுவும் பதிவாகுமா?"

"ஆகும்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளி மாலை லோர்னா கோப்பை நீட்டினார். நிரந்தரம் இல்லை, நீக்கமும் இல்லை. தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. காரணம் என்ற இடத்தில், முப்பத்தொன்பது திருத்தங்களைச் செய்ய வேறு ஆள் இல்லை என்று எழுதியிருந்தது. கொரின் இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். வாங்கிய கோப்பைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

ஞாயிறு மாலை நோட்டில் பிழைப் பகுதியை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போனாள். நாளை: காலை ஒன்பது மணிக்கு 215-ஆம் வரியாக 'மற்றவை'யைச் சேர்க்கவேண்டும். பிறகு ஷ்ராமின் திருத்தம். கோட்டுக்கு அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று அச்செடுத்துப் பார்க்கவேண்டும்.