சிவப்புப் பகடையில் ஆறு

என் வீட்டுக்காரர் சுப்பையனுக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. அந்தப் பெருமையிலேயே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டேன். போன கோடையில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலுக்குப் போனவர், ஓர் அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து, ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் சுகர் லேண்ட் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில்தான்.

பெட்டிக்குள் இருந்தது 1986ஆம் வருஷத்து பேஸ்பாலை வீட்டுக்குள்ளேயே ஆடுகிற விளையாட்டு. அந்த வருஷம் ஆடிய ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. சிவப்பும் வெள்ளையுமான பகடைகளை உருட்டி, விழுந்த எண்ணை அட்டையில் பார்த்தால் அவர் அடித்தாரா, அவுட்டா என்று தெரிந்துவிடும். இப்படியே மேஜை முழுக்க அட்டையைப் பரப்பி, முழு சீசனையும் மறுபடி ஆடலாமாம். நிஜத்தில் அந்த வருஷம் ஹூஸ்டன், இறுதிப் போட்டிக்குள் நுழைகிற வாசலில், நியூ யார்க்கிடம் சொந்த ஊரிலேயே தோற்றுப்போனது. அதை மாற்றிக் காட்டுகிறேன் என்று இவர் கிளம்பிவிட்டார். அப்போது இவர் கோபிச்செட்டிப்பாளையத்தில் டவுசர் போட்டுத் திரிந்துகொண்டிருந்தவர். ஹூஸ்டன் ஜெயித்தால் இவருக்கென்ன, தோற்றால் இவருக்கென்ன? கேட்டால், "அது ரொம்ப அநியாயமான தோல்வி, வசந்தா" என்பார்.

மேஜையில் சீசன் முடியப்போகிற நேரத்தில்தான் இவருக்கு நியூ ஜெர்சியில் வேலை வந்தது. பெரிய பதவி. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குப் போக விருப்பமில்லை. விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லாமல் எத்தனையோ வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, கிரீன் கார்டு வந்த பிறகு மறுபடி படித்து, இப்போதுதான் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்திருக்கிறேன். என் பெயர் தைத்த வெள்ளைக் கோட்டை மாட்டி வைக்கும்போதெல்லாம் அந்த எழுத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஆனால் இவரும் தினமும் ஆபீஸ் போகிற ஃப்ரீவே நெரிசலில் பாதி ஆயுளைத் தொலைப்பவர். இரண்டு தடவை ப்ரமோஷன் கை நழுவிப் போயிருக்கிறது. அவர் ஆசையில் மண்ணைப் போட எனக்கு மனம் வரவில்லை.

"உங்க இஷ்டமுங்க" என்றேன். "உன் இஷ்டம்" என்றார். ஒரு வாரமாக இஷ்டத்தை ஒருவர் மடியில் ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம்.

"பூக் கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்று கடைசியில் நான்தான் கேட்டேன். எங்கள் பக்கத்தில் பெரிய முடிவென்றால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுப்பவருக்கு என்ன கேள்வி என்று தெரியக் கூடாது. அதுதான் சட்டம்.

அவர் சிரித்தார். "பைப்லைன் டிசைன் பண்றவன் வீட்ல பூவப் பாத்தா முடிவு பண்ணுவாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஜையிலிருந்து கூப்பிட்டார். "வசந்தா, இன்னிக்குக் கடைசி மேட்ச். ஹூஸ்டன், நியூ யார்க். நீ உருட்டு."

"எனக்கு இதுல என்னங்க தெரியும்?"

"தெரியாததுனாலதான் கூப்பிடறேன்."

அடுப்பில் புளிக்குழம்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான் உருட்ட, அவர் அட்டையைப் பார்த்துச் சொல்ல, ஆட்டம் நகர்ந்தது. என்றைக்கும் கைதட்டிக் கூத்தடிக்கிற மனுஷன் அன்று அட்டையில் இருந்ததை மட்டும் படித்தார். கடைசிக் கட்டத்தில் ஹூஸ்டன் ஒரு ரன் பின்னால். ஓர் ஆள் ஓடத் தயாராக நிற்கிறார். இன்னும் ஒரு அவுட் ஆனால் கதை முடிந்தது.

"சிவப்புப் பகடையில ஆறு வந்தா ஹோம் ரன், ரெண்டு ரன் கெடச்சு ஹூஸ்டன் ஜெயிச்சிரும். வேற எது வந்தாலும் அவுட்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது.

உருட்டினேன். ஐந்து.

இத்தனை மாதமாக ஒரு வெற்றிக்காகத் தவம் கிடந்த மனுஷன், நெற்றி சுருங்க வேண்டிக்கொண்டிருக்கிறார். பார்க்கப் பாவமாக இருந்தது. நகத்தால் ஒரே ஒரு தள்ளு. பகடை புரண்டு ஆறைக் காட்டியது.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். குதிப்பார் என்று நினைத்தேன். முகம் தொங்கிப்போனது.

"சரி. நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேன். நியூ ஜெர்சி போயிறலாம்."

"ஹூஸ்டன் ஜெயிச்சதுக்கு எதுக்குங்க நியூ ஜெர்சி போகணும்?"

"மனசுல அப்படித்தான் வெச்சிருந்தேன். அந்த வருஷம் நடந்த மாதிரியே தோத்துட்டா, நம்மளும் இருக்கற எடத்துலயே இருந்துக்கலாம். ஜெயிச்சு மாறுச்சுன்னா, நம்மளும் மாறிக்கலாம்."

"நான் பூக் கேட்டா மட்டும் இளக்காரம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜனவரியில் பனி தள்ளிக்கொண்டிருப்பேன்.

"அது அஞ்சுங்க."

"எது?"

"அஞ்சுதான் விழுந்துச்சு. நீங்க ஆறுக்காக வேண்டிட்டிருந்தீங்க. பாவமா இருந்துச்சு, நான்தான் தள்ளி வெச்சேன்."

"ஆறு வந்துறக் கூடாதுன்னுதான் வேண்டிட்டிருந்தேன்" என்றார்.

சமையலறையிலிருந்து குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"போக வேண்டாம்னு வாய்விட்டுச் சொன்னா என்னங்க?"

"உன்ற தங்கச்சி வள்ளி அங்க நியூ ஜெர்சில, ஐசலின்ல இருக்கா. தினமும் போன்ல அத்தனை நேரம் பேசற. பக்கத்துல போனா நீ சந்தோஷப்படுவேன்னு பாத்தேன்."

"அவ போன்ல இருக்கறதுனாலதான் நாங்க சண்டை போடாம இருக்கறோம்."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் மெதுவாக, "நீ அந்தக் கோட்டத் தொட்டுப் பாக்கறத நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவர் சிவப்புப் பகடையை என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்.

"எப்படி விழுந்துச்சோ அப்படியே வை."

ஐந்துக்குத் திருப்பி வைத்தேன். ஹூஸ்டன் மறுபடியும் தோற்றது.

"ரொம்ப அநியாயமான தோல்வி" என்றேன்.

"ரொம்ப ரொம்ப" என்றார், பல்லெல்லாம் தெரிய, தட்டு வைக்க இடம் பண்ணிக்கொண்டே.