அவசரமில்லை

அப்பாவின் தாடையைத் தூக்கிப் பிடித்து, தாதி மெலிசா கொடுத்த பண்டேஜ் துணியால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள் ஆரணி. அப்போது வெளியே நடையில் தவசீலன் மாமா போனில் பேசுவது கேட்டது.

"கொஞ்சம் கடுமைதான் தம்பி. கொப்பர் உன்னைத்தான் கேக்கிறார். உடன வெளிக்கிடு."

அவள் கை அப்படியே நின்றது. அப்பாவின் மூச்சு அடங்கி அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. பாரிஸில் ரூ காய் தெருவில் மரக்கறிக்கடை வைத்திருக்கிறார். "லவன் போன் எடுத்தவன் அக்கா, சொல்லிப்போட்டன். வாறானாம்."

கட்டில் ஓரத்தில் அப்பாவின் காலைப் பிடித்தபடி இருந்த அம்மா தலையை ஆட்டினாள்.

"என்னெண்டு சொன்னனீங்கள் மாமா?" ஆரணி கேட்டாள்.

"சீரியஸ் எண்டுதான். வழியில வாற பிள்ளைக்கு வேறை என்னத்தைச் சொல்லுறது?"

எல்லாரும் செய்வதைத்தான் மாமா செய்திருந்தார். கனடாவிலிருந்து வருகிறவனுக்கும் லண்டனிலிருந்து வருகிறவளுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். கடுமை என்று சொல்லி வரவழைத்து, வாசலில் வைத்து நாலு பேராகத் தாங்கிப் பிடித்துக்கொள்வார்கள். செத்த செய்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் தனியே ரயிலில் இருக்கக் கூடாது.

ஆனால் ஆரணியின் தம்பி லவன் ரயிலில் இல்லை. அவன் ஆல்ப்ஸ் மலையில், குளிர்காலத்தில் காவலாள் இல்லாத ஒரு தங்குகுடிசையில் இருந்தான். உறைந்துபோன நீர்வீழ்ச்சிகளில் ஏறுவதற்காக சிநேகிதி ஆனைஸோடு சனிக்கிழமை போனவன். அன்றைக்கு அப்பாவுக்கு வெறும் இருமல்தான். போட்டு வா என்று அவரே அனுப்பி வைத்தார். அவர்கள் மேலே போன பிறகு பனி கொட்டத் தொடங்கியது. பிறகு காற்று.

காலையில் லவன் அவளுக்குப் போன் எடுத்திருந்தான். குடிசைக்குப் பின்னால் ஒரு பாறையருகே மட்டும்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். "அக்கா, இண்டைக்கு நாலு," என்றான். பனிச்சரிவு அபாயம் ஐந்தில் நாலு. இறங்கும் பாதை ஓரிடத்தில் பெரிய சரிவொன்றைக் குறுக்கே கடக்கிறது. காற்று கொண்டுவந்து குவித்த புதுப்பனி அங்கே தட்டாக இறுகி, அடியில் சீனி மாதிரி உதிரும் பழைய பனியின் மேல் ஒட்டாமல் இருக்கிறது. ஆனைஸ் மண்வெட்டியால் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தாளாம். தட்டும் முன்னமே மேல்பாதி இழுப்பறை போல வெளியே வந்துவிட்டது. ஒரு ஆளின் பாரம் போதும். நாளைக்குப் பனி இறுகிய பிறகு விடியவே இறங்குவோம், அப்பா எப்படி என்று கேட்டான். அப்படியேதான் இருக்கிறார், ஆறுதலாக வா என்றாள். காலையில் அது உண்மை.

அபாய எண்ணைத் தினமும் கேட்கிறவர் அப்பா. லவன் மலைக்குப் போய்விட்டால் விடிந்ததும் ஆரணியின் கதவைத் தட்டுவார். ரெண்டு என்றால் பேசாமல் தேத்தண்ணி குடிப்பார். மூன்று என்றால் ரூ பஜோல் தெருக் கோயில் பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம். நாலு என்றால் தேங்காய். அஞ்செண்டா நானே ஏறிப்போய்க் காதில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவன் என்பார். அகதியாக வந்தபோது ஓர் எல்லையைப் பனிக்குள் நடந்தே கடந்தவர். நான் காசு குடுத்து அதிலயிருந்து தப்பி வந்தன், இவன் காசு குடுத்து அதுக்குள்ள போறான் என்று மாமாவின் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இன்று காலையும் ஒட்சிசன் முகமூடிக்குள்ளிருந்து புருவத்தை உயர்த்தினார். ஆரணி இரண்டு விரலைக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது அவள் லவனின் இலக்கத்தை அழுத்தினாள். அடிக்காமலே குரல்பெட்டிக்குப் போனது. ஆனைஸுக்கு எடுத்தாள். அதுவும் அப்படியே.

பனிக்குள் புதைந்தால் கண்டுபிடிப்பதற்கென்று இருவரும் நெஞ்சில் ஒரு கருவி கட்டியிருப்பார்கள். பக்கத்தில் போன் இயங்கினால் அது குழம்பும் என்று நடக்கும்போது போனை நிறுத்திவிடுவார்கள். இதை அவளுக்குச் சொன்னதே லவன்தான். போன் நின்றிருக்கிறது என்றால் நடக்கிறான்.

அவள் எழுதத் தொடங்கினாள். மாமா எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதுறாய்?"

"அப்பா செத்திட்டார் எண்டு."

"உனக்கு விசரே? படிச்சனி எண்டால் ஈவிரக்கம் இல்லையே?"

மாமாவை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "அப்பா இருக்கிறார் எண்டு நினைச்சாத்தான் மாமா அவன் ஓடி வருவான். இல்லையெண்டு தெரிஞ்சா நிப்பான்."

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "மலையில வைச்சுச் சொல்லாதை பிள்ளை. தனிய நிண்டு அழுவான்."

"அழட்டும் அம்மா. நிண்டு அழட்டும்."

லவன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அதனால் பிரெஞ்சில் எழுதினாள். அந்த மொழியில் அதற்கு மூன்றே சொற்கள். கீழே, அவசரமில்லை, அங்கேயே நில் என்று சேர்த்தாள். இந்த ஊரில் எரிக்க நாள் கிடைக்கவே ஒரு கிழமை ஆகும். உண்மையிலேயே அவசரமில்லை. பக்கத்தில் ஒற்றைச் சரி மட்டும் விழுந்தது. போய்ச் சேரவில்லை.

மலை மீட்புப் படைக்கு எடுத்தாள். பேசியவர் பொறுமையாகப் பாதையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இந்தக் காற்றில் ஹெலிகொப்டர் ஏறாது, தொடர்ந்து முயன்றுகொண்டிருங்கள் என்றார்.

மாமா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் பிள்ளை," என்றார் ஒருமுறை. யன்னலுக்கு வெளியே கார் து நோர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்கள் தூறலில் மினுங்கின. பாரிஸில் ஒரு பொட்டுப் பனி இல்லை. மெலிசா வந்து, கீழே கொண்டுபோக ஆட்கள் வருவார்கள், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆரணி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றைச் சரி. சரிவின் நடுவில் லவன் ஒரு காலை எடுத்து வைப்பது தெரிந்தது. அந்தக் காலை அவளால் கீழே ஊன்றவிட முடியவில்லை.

யன்னல் இருட்டத் தொடங்கிய நேரத்தில் ஏதோ அதிர்ந்தது. அவளுடைய போன் இல்லை. மெலிசா கட்டித் தந்த பிளாஸ்டிக் பைக்குள், சவரக்கருவிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் இடையில், அப்பாவின் போன். திரையில் லவன் என்று இருந்தது.

எடுக்கப் பயமாக இருந்தது. லவனின் போனில் லவன்தான் பேசுவான் என்று என்ன நிச்சயம்? மாமா எழுந்து நின்றார். அவள் எடுத்தாள்.

காற்று இரைந்தது.

"அப்பா," என்றான் லவன். "ஒண்டும் கதைக்காதேங்கோ. ஏலாதாம் எண்டு மாமா சொன்னவர். சும்மா கேளுங்கோ. அக்காவுக்கு எடுத்தால் ஏசுவா, அதுதான் உங்களுக்கு அடிச்சனான்."

ஆரணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் குரல் சின்னப் பிள்ளையுடையது போலிருந்தது.

"இண்டைக்கு வரேலாதப்பா. வெளிக்கிட்டனாங்கள். எங்களுக்கு முன்னால சரிவு முழுக்க இறங்கிட்டுது. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, திரும்பிக் குடிசைக்கு வந்திட்டம். கால் நடுங்கிக்கொண்டே இருக்கு."

எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை, அம்மா அவள் கையிலிருந்து போனை வாங்கினாள். கட்டிலுக்குப் போய், துணி மறைக்காத பக்கம் பார்த்து, அப்பாவின் காதருகே தலையணையில் வைத்தாள்.

"நாளைக்கு மூண்டாம். தேங்காய் நான் வந்து உடைக்கிறன். பேசாமல் படுங்கோ, என்ன."

அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்லி முடித்ததும் போனை எடுத்துப் பேச வேண்டியவள் ஆரணிதான். அது அவளுக்குத் தெரியும். தாடைக்கட்டு பாதியில் நெகிழ்ந்து, அப்பாவின் வாய் இலேசாகத் திறந்திருந்தது. அவள் குனிந்து, சத்தம் வராமல், துணியின் இரண்டு நுனியையும் எடுத்து முடிச்சை இறுக்கினாள்.