அனந்தபுரத்துக்குப் போன மெத்தை

பஞ்சில் நெருப்பு விழுந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும் என்று பஞ்சு வேலை பார்க்காதவர்கள் நினைக்கிறார்கள். பற்றிக்கொண்டால்தான் தேவலையே, கண்ணுக்குத் தெரியும், ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கலாம். அடைத்து வைத்த பஞ்சுக்குள் பொறி போனால் புகைகூடச் சரியாக வராது. உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போகும். இதை என் வீட்டுக்காரர் மஜீதுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அன்றைக்குக் காலையில் "ஒண்ணுமில்ல போ" என்றுதான் சொன்னார், மகராசன்.

எண்பத்தாறில் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகையும் பஞ்சு மிஷினும் இருந்தன. புதுப் பஞ்சு வாங்க வக்கில்லை. பஜாரில் தையல் கடைக்காரர்கள் கூட்டித் தள்ளுகிற வெட்டுத்துணி, மில்லில் கழித்துப் போட்ட பஞ்சு, கிழிந்த பழைய மெத்தை, எல்லாவற்றையும் மூட்டையாய் வாங்கி வருவோம். மிஷின் பல் அதைப் பிய்த்துப் பஞ்சாக்கிவிடும். அதில்தான் மெத்தை, தலையணை எல்லாம். 'குப்பை மெத்தை' என்று கேலி பேசினவர்கள் வீட்டுக் கட்டிலிலும் எங்கள் சரக்குதான் கிடந்தது, அது வேறு கதை.

அன்றைக்கு வெட்டுத்துணிக்குள் ஒரு ஜாக்கெட் கொக்கி கிடந்திருக்கிறது. மிஷின் பல்லில் உரசிப் பொறி பறந்ததை நானே பார்த்தேன். மஜீத் மிஷினை நிறுத்தி, கைவிட்டுத் துழாவி, கருகின பஞ்சை எடுத்துக் கீழே போட்டு மிதித்தார்.

"ஒண்ணுமில்ல போ. அந்தம்மா பஸ்ஸுக்கு நிக்கிது, சீக்கிரம் தெச்சிக் குடு."

அந்தம்மா அனந்தபுரத்துப் பூவாயி. அவள் மகள் மங்கை பிள்ளை பெற்று அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். தாயும் பிள்ளையும் படுக்க மெத்தை வேண்டும் என்று விடியும்போதே வந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பஞ்சைத் திணித்து, தைத்து, பஸ் கூரைமேல் ஏற்றி அனுப்பிவைத்தேன்.

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கருகல் நாற்றம் வந்தது. கொட்டகையில் மிச்சமிருந்த பஞ்சுக் குவியல் மேலே வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. குச்சியால் கிளறினேன். நடுவில் சட்டி அளவுக்குக் கரிந்து கிடந்தது, காற்று பட்டதும் சிவந்தது. சாக்கோடு ஓடிவந்த மஜீத் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வந்த நினைப்புதான் அவருக்கும் வந்திருந்தது.

"இந்தப் பஞ்சுதானே அந்தம்மா மெத்தைக்குள்ள வச்ச?" என்றார்.

"வேற இன்னா பஞ்சு இருந்துது இங்க? நீங்கதானே தெச்சிக் குடுன்னீங்க."

"நான் இத அணைக்கணும், இல்லனா கொட்டாயே போயிடும். நீ பஸ்ஸப் புடி."

திட்ட நேரமில்லை. திட்டிக்கொண்டேதான் ஓடினேன். காலில் செருப்பில்லை என்பது பஸ் ஏறின பிறகுதான் தெரிந்தது. போன் போட்டுச் சொல்லலாமென்றால் பூவாயி தெருவில் யார் வீட்டில் போன் இருக்கிறது?

அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. இதே காற்றில்தானே மெத்தை கூரைமேல் போயிருக்கும் என்று நினைத்தேன், காற்று பட்டால் சிவந்துவிடுமே. யா அல்லா, பச்சைப் பிள்ளையாச்சே, பச்சைப் பிள்ளையாச்சே என்று வாய் பாட்டுக்கு முணுமுணுத்தது. அனந்தபுரம் பக்கமிருந்து ரோட்டில் எதிரே வருகிறவர்கள் முகத்தில் அழுகை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். கண்டக்டர் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவனை அறையலாம் போலிருந்தது.

பூவாயி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சத்தமில்லை.

"இன்னாம்மா, பின்னாலயே வந்துட்ட?"

நெருப்பு என்று வாயில் வந்தால் பேச்சு பக்கத்து ஊர் வல்லம் வரைக்கும் பரவிவிடும், அப்புறம் எங்கள் மெத்தையில் எவன் படுப்பான்? அந்த நேரத்திலும் பாழாய்ப்போன புத்தி அப்படித்தான் போனது.

"அளவு தப்பா தெச்சிட்டேன்மா. மெத்தையக் குடு, சரி பண்ணி நாளைக்கிக் கொண்டாரேன்."

அவள் முகம் மாறியது. "பச்சப்புள்ள வந்த வூட்லருந்து மெத்தைய வெளிய எடுப்பாங்களா? எழவு வூட்லதான் மெத்தையத் தெருவுல போடுவாங்க. இன்னா பேச்சு பேசற நீ."

"உள்ள நெருப்பு இருக்குதும்மா. மொதல்ல புள்ளையத் தூக்கு."

"புள்ள ஏணைத் தொட்டில்ல தூங்குது. மெத்தைல மங்கைதான் படுத்துக்குனு இருக்கா."

எனக்கு உயிர் வந்தது. உள்ளே போய் மங்கையை எழுப்பிவிட்டு மெத்தையைத் தெருவுக்கு இழுத்துவந்தேன். பூவாயி மண்ணை வாரித் தூற்றினாள். என் வம்சத்தையே இழுத்தாள். தெருவே கூடிவிட்டது. நான் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். சூடே இல்லை. கருகல் இல்லை. வெள்ளைப் பஞ்சுதான் வந்துகொண்டேயிருந்தது. யாரோ சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது.

கடைசி மூலைக்கு வந்தேன். அங்கே இருந்தது கறுப்பு நூல். நான் தைத்தது வெள்ளை நூலில்.

"இந்த மூலைய யார் பிரிச்சது?"

மங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு பக்கம் புடைச்சிக்குனு இருந்துதுக்கா. நான்தான் கொஞ்சம் முன்னால ரெண்டு கை பஞ்சு எடுத்து பாப்பாவுக்குத் தலவாணி தெச்சேன். பஸ் மேல வெயில்ல வந்ததுல வெதுவெதுன்னு இருந்துது. தலைக்கி நல்லா இருக்கும்னு வச்சேன்."

நான் எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. ஏணைச் சேலையை விலக்கியதும் கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலைக்குக் கீழே கையைக் கொடுத்தேன், உள்ளங்கை சுட்டது. குழந்தையை மங்கையிடம் கொடுத்துவிட்டுத் தலையணையைத் தெருவில் வீசினேன். அடிப்பக்கம் பழுப்பேறியிருந்த துணி விழுந்த வேகத்தில் வாய் பிளந்தது, உள்ளே செக்கச்செவேலென்று கனன்றது.

மங்கை குழந்தையின் பின்னந்தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். கொப்புளம் இல்லை. முடிதான் கொஞ்சம் சுருண்டிருந்தது.

பூவாயி தெருவில் புகைவதைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். வீட்டிலிருந்த பழைய தலையணை, பாய், போர்வை, ஏணை கட்டின சேலை, ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்து தெருவில் போட ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் எங்களுது இல்லம்மா" என்றேன்.

"தெரியும். எதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு யாரு கண்டா? நீ ஒவ்வொண்ணாப் பிரிச்சிப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போனாள்.